டாஸ்கனி மேட்டில் இரண்டாம் கியர்: வெளிநாட்டில் மேனுவல் கார் எடுக்கலாமா?

விசா வந்துவிட்டது, டிக்கெட் போட்டாயிற்று, தங்கும் இடங்களும் முடிவாகிவிட்டன. கடைசியாகக் கார் வாடகைக்கு எடுக்க உட்காருகிறீர்கள். கிட்டத்தட்ட ஒரே அளவில் இரண்டு சின்னக் கார்கள். ஒன்று மேனுவல், இன்னொன்று ஆட்டோமேட்டிக். 2022-ல் எங்கள் முதல் இத்தாலிப் பயணத்துக்கு எட்டு நாளுக்கு மேனுவல் 290 யூரோ, ஆட்டோமேட்டிக் 410 யூரோ என்று காட்டியது. "பதினெட்டு வருஷமா கியர் வண்டிதானே ஓட்டறீங்க, எதுக்கு 120 யூரோ கூடக் கொடுக்கணும்?" என்றாள் மனைவி. எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். மழையிலும் இருட்டிலும் அதில் ஏறி இறங்கிய கைக்கு டாஸ்கனிக் குன்றுகள் பெரிதாகத் தெரியவில்லை. மேனுவலையே போட்டேன்.

அடுத்த வருஷம் ஸ்காட்லாந்து, அங்கேயும் மேனுவல். 2024-ல் மறுபடி இத்தாலி, இந்த முறை ஆட்டோமேட்டிக். மூன்றையும் ஓட்டிய பிறகு, நண்பர்கள் யாராவது "எதை எடுக்கலாம்?" என்று கேட்டால், அவர்களுக்குக் கியர் போடத் தெரியுமா என்று நான் கேட்பதில்லை. நம்மில் பெரும்பாலோருக்கு அது தெரியும். புது ஊரில் முதல் இரண்டு நாள் கண்ணும் மூளையும் எத்தனை வேலையை ஒன்றாகப் பார்க்க வேண்டியிருக்கும், அதற்கு நடுவே கியருக்கு இடம் இருக்குமா என்றுதான் யோசிக்கச் சொல்கிறேன். அதற்குப் பதில் ஆளைவிட, போகிற நாட்டைப் பொறுத்தது.

முதலில் எந்த நாடு என்று பாருங்கள்

அமெரிக்கா, கனடா போகிறவர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. அங்கே வாடகைக் கார் என்றாலே ஆட்டோமேட்டிக்தான். துபாய், ஜப்பான், மலேசியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எல்லாம் ஏறக்குறைய அப்படித்தான். ஆகவே இது பெரும்பாலும் ஐரோப்பாவுக்குப் போகிறவர்களின் பிரச்சினை. அங்கே சின்ன வண்டி என்றால் மேனுவல் என்பது நெடுநாள் வழக்கம். ஆட்டோமேட்டிக் பெருகி வந்தாலும், விலை குறைந்த வகையில் முதலில் கண்ணில் படுவது இன்னும் மேனுவல்தான்.

அந்த ஐரோப்பாவையும் இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பிரிட்டன், அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் ஆகிய நான்கு நாடுகளில் நம்மைப் போலவே சாலையின் இடது பக்கம் ஓட்டுகிறார்கள். ஸ்டியரிங் வலது பக்கம், கியர் இடது கைக்கு. மற்ற நாடுகளில் எல்லாம் வலது பக்கம் ஓட்ட வேண்டும். ஸ்டியரிங் இடது பக்கம், கியர் வலது கைக்கு. என் முடிவில் பாதி இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

கை மாறினால் என்ன ஆகும்

பெடல்கள் எந்த நாட்டிலும் மாறுவதில்லை. கிளட்ச் இடது, பிரேக் நடு, ஆக்சிலரேட்டர் வலது. கால் பழகியபடியே போகும். அதனால்தான் "கை மட்டும்தானே மாறுது, ஒரு மணி நேரத்துல பழகிடும்" என்று பலரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆனால் கியர் குமிழில் வரைந்திருக்கும் படம் கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்புவதில்லை. அங்கேயும் முதல் கியர் இடது முன்பக்கம்தான். நம் ஊர் வண்டியில் இடது முன்பக்கம் என்றால் நம்மை விட்டு விலகி, பக்கத்து சீட்டை நோக்கித் தள்ளுவது. அங்கே அதே இடது முன்பக்கம் நம் தொடையை நோக்கி இழுத்து மேலே தள்ளுவது. நம் கை "இடது, வலது" என்று எதையும் மனப்பாடம் செய்து வைத்திருக்கவில்லை. "உடம்புப் பக்கம், உடம்பை விட்டு அந்தப் பக்கம்" என்றுதான் பழகியிருக்கிறது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்க, இங்கே குமிழை வெளியே ஒதுக்கிக் கீழே இழுக்கிறோம். அங்கே நம் பக்கம் ஒதுக்கிக் கீழே இழுக்க வேண்டும். பழைய பழக்கத்தில் வெளிப்பக்கமாகத் தள்ளி இழுத்தால் இரண்டு விழாது. நான்கிலோ அதற்கும் மேலோ போய் நிற்கும்.

இண்டிகேட்டரும் சேர்ந்துகொள்ளும். மாருதி, ஹூண்டாய் ஓட்டிப் பழகியவர்களுக்கு இண்டிகேட்டர் வலது கையில். ஐரோப்பிய வண்டிகளில் இடது கையில். அப்புறம் ரவுண்டானா. இத்தாலியில் அது நமக்கு எதிர்ச்சுற்றாகச் சுற்றும், இடது பக்கம் பார்த்து வழிவிட வேண்டும். ஒரு ரவுண்டானாவை நெருங்கும் நான்கைந்து விநாடியில் இடது பக்கம் வண்டி வருகிறதா என்று பார்க்கணும், எத்தனையாவது வழியில் வெளியேறணும் என்று பலகையைப் படிக்கணும், வலது ஓரத்தை உரசாமல் வண்டியைக் கொண்டுபோகணும், இடது கையால் இண்டிகேட்டர் போடணும், வலது கையால் மூன்றிலிருந்து இரண்டுக்கு வரணும். இதில் ஒவ்வொன்றும் எளிதுதான். எல்லாம் ஒரே நேரத்தில், எல்லாமே பழக்கத்துக்கு எதிராக வரும்போதுதான் ஏதாவது ஒன்று கைவிட்டுப் போகிறது.

எங்களுக்கு அது வால்ட்டெர்ராவுக்கு ஏறும் வழியில் நடந்தது. ஃபிளாரன்ஸ் விமான நிலையத்தின் பக்கத்தில் வண்டியை எடுத்தோம். ஃபியட் பாண்டா, ஆறு கியர், மூன்று சிலிண்டர், 70 குதிரைத்திறன். நான், மனைவி, மாமனார், மாமியார், நான்கு பேர் பெட்டிகள். ஃபிளாரன்ஸிலிருந்து சியெனா போகும் நான்கு வழிச் சாலையில் ஒரு சிரமமும் இல்லை. ஐந்தில் போட்டுவிட்டால் கியரைத் தொடும் வேலையே வரவில்லை. எல்லோரும் தெம்பாக இருந்தோம். கோல்லே என்ற ஊரில் இறங்கி, வால்ட்டெர்ரா சாலைக்குத் திரும்பிய பிறகுதான் தொடங்கியது. வால்ட்டெர்ரா கிட்டத்தட்ட 530 மீட்டர் உயரத்தில் குன்றின் மேல் இருக்கிற ஊர். கடைசி சில கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறும்.

அங்கே ஓர் இறுக்கமான வளைவு. எதிரே ஒரு பேருந்து இறங்கி வந்தது. வேகம் குறைத்தேன், இரண்டுக்கு மாற்றக் கை போனது. போனது இடது கை. கதவின் கைப்பிடியில் விரல்கள் இடித்தன. சுதாரித்து வலது கையால் குமிழைப் பிடித்து, வால்பாறை வழக்கப்படி வெளிப்பக்கமாக ஒதுக்கி இழுத்தேன். விழுந்தது நான்கு. வண்டி இரண்டு குலுங்கு குலுங்கி ஆஃப் ஆனது. பின்னால் வந்த சரக்கு வேன் எங்கள் பம்பருக்கு இரண்டடியில் வந்து நின்றது. மேட்டில் பிரேக்கை விட்டதும் பின்னால் உருளாமல் இரண்டு விநாடி பிடித்துக்கொள்ளும் வசதி அந்த வண்டியில் இருந்தது. அந்த இரண்டு விநாடிக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். ஹாஃப் கிளட்ச்சில் எடுக்கப் பார்த்து இரண்டாவது முறையும் ஆஃப். மூன்றாவது முறை ஆக்சிலரேட்டரை அழுத்தி எடுத்ததில் கிளட்ச் கருகிய வாசனை வண்டிக்குள் நிறைந்தது. பின் சீட்டில் மாமியார் கந்த சஷ்டி கவசத்தை முணுமுணுக்கத் தொடங்கியது காதில் விழுந்தது.

வேன்காரர் ஹாரன் அடிக்கவில்லை, பொறுமையாக நின்றார். ஆனால் மேலே போய் நிறுத்திய பிறகு என் கை நடுக்கம் நிற்கப் பத்து நிமிடம் ஆனது.

நான்காவது நாள் கை தானாகப் போகத் தொடங்கியது. பழகவே பழகாது என்று நான் சொல்லவில்லை, கட்டாயம் பழகும். எட்டு நாள் பயணத்தில் மூன்று நாளை அதற்குக் கொடுத்தேன், அவ்வளவுதான். சான் குயிரிக்கோவிலிருந்து பியென்சா வழியாக மோன்ட்டெபுல்ச்சானோ போகும் சாலை, சைப்ரஸ் மரங்கள் வரிசையாக நிற்கும் அந்த வால் தோர்ச்சா பள்ளத்தாக்கு, எத்தனையோ பேர் அதைப் பார்க்கவென்றே கடல் தாண்டி வருகிறார்கள். மனைவியிடம் அந்த மதியத்தின் படங்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. எனக்கு அந்தச் சாலையில் நினைவிருப்பது எந்த வளைவில் எந்தக் கியர் என்பது மட்டும்தான். 120 யூரோவில் நான் மிச்சப்படுத்தியதும் இழந்ததும் என்ன என்று அன்று இரவு கணக்குப் பார்த்தபோது உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

அதே சாலை, ஆட்டோமேட்டிக்கில்

இரண்டு வருஷம் கழித்து அதே பள்ளத்தாக்குக்கு மறுபடி போனோம். இந்த முறை டொயோட்டா யாரிஸ் ஹைப்ரிட், பெட்ரோல் எஞ்சினோடு மின்சார மோட்டாரும் உள்ள சின்ன வண்டி. பியென்சா சாலையில் நான் மரங்களைப் பார்த்தேன். கோதுமை வயல் காற்றில் புரள்வதைப் பார்த்தேன். மோன்ட்டெபுல்ச்சானோவின் செங்குத்தான ஏற்றத்தில் வண்டி நிறுத்த இடம் தேடி மூன்று முறை நின்று நின்று எடுத்தும் யாருக்கும் பதற்றம் வரவில்லை.

ஆட்டோமேட்டிக் எடுத்தால் எல்லா ஆபத்தும் போய்விடும் என்று எண்ணிவிடக் கூடாது. இந்த முறைதான் நான் தவறான பக்கத்தில் ஏறினேன். காலை ஏழு மணி, பண்ணை வீட்டிலிருந்து வெளியே வந்தேன். சாலையில் ஒரு வண்டியும் இல்லை. முன்னால் போகும் வண்டியைப் பார்த்துப் பின்தொடர வழியில்லாதபோது பழைய பழக்கம் வந்துவிடுகிறது. இடது பக்கத்தில் ஐம்பது மீட்டர் போயிருப்பேன், மனைவி "ரைட்டு, ரைட்டு" என்று கத்திய பிறகு மாற்றினேன். போக்குவரத்து நெரிசலில் இந்தத் தவறு வராது. ஆளில்லாத சாலையில், பெட்ரோல் பங்கிலிருந்தோ பார்க்கிங்கிலிருந்தோ வெளியே வரும் முதல் திருப்பத்தில்தான் வரும். இதற்கு எந்தக் கியர்பெட்டியும் உதவாது. நான் வைத்துக்கொண்ட விதி ஒன்று: ஓட்டுபவர் எப்போதும் சாலையின் நடுக்கோட்டுப் பக்கம், பக்கத்து சீட்டில் இருப்பவர் ஓரத்துப் பக்கம். எந்த நாட்டு வண்டியிலும் இது பொருந்தும். திருப்பத்துக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வேன்.

இறக்கத்தில் ஆட்டோமேட்டிக் நழுவும், எஞ்சின் பிடிப்பு கிடைக்காது என்று நம் மலைப்பாதை ஓட்டுநர்கள் தயங்குவார்கள். ஏறின கியரிலேயே இறங்கணும் என்று பழகியவர்களுக்கு அந்தப் பயம் இயல்பு. ஹைப்ரிட் யாரிஸில் டி-க்குப் (D) பக்கத்தில் பி (B) என்று ஒன்று இருக்கிறது. அதில் போட்டால் இறக்கத்தில் வண்டியைப் பிடித்துக்கொண்டு வரும். மற்ற பல ஆட்டோமேட்டிக்குகளிலும் கியரை நாமே இறக்கிப் பிடித்துக்கொள்ள வழி உண்டு. எடுக்கும்போதே அது எங்கே என்று கேட்டுக்கொண்டால் போதும்.

ஸ்காட்லாந்தில் மேனுவல் ஏன் சரியாக இருந்தது

இடையில் 2023-ல் இன்வர்னெஸில் மேனுவல் வண்டி எடுத்து வடக்குக் கடற்கரையைச் சுற்றினோம். அங்கே வாடகைக் கடையை விட்டு வெளியே வந்த பத்தாவது நிமிடத்தில் நம் ஊரில் ஓட்டுவது போல் ஆகிவிட்டது. ரவுண்டானா நம் ஊர்ச் சுற்றுதான், வலது பக்கம் பார்த்து வழிவிட வேண்டியதுதான். மாறியது இண்டிகேட்டர் மட்டும். இடது கையே கியரும் போட்டு இண்டிகேட்டரும் போட வேண்டியிருந்தது. முதல் நாள் திருப்பத்துக்குத் திருப்பம் வைப்பர் ஓடியது, மறுநாள் சரியாகிவிட்டது.

ஆப்பிள்கிராஸ் போகும் பியலாக்-ந-பா கணவாய் 626 மீட்டர் வரை ஏறும். சில இடங்களில் ஐந்தடிக்கு ஓர் அடி உயர்கிற அளவுக்குச் செங்குத்து, கொண்டை ஊசி வளைவுகள், ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய அகலம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்க அங்கங்கே இடம் விட்டிருப்பார்கள். இடது பக்கம் இருந்தால் அதில் ஒதுங்க வேண்டும், வலது பக்கம் இருந்தால் அதற்கு நேராக நின்று எதிரில் வருபவரை அதில் ஒதுங்க விட வேண்டும். நின்று எடுக்க, பின்னால் வர, மறுபடி ஏற என்று கிளட்ச்சுக்கு ஓயாத வேலை. ஆனால் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த பொள்ளாச்சி மாஸ்டர் சொல்லுவார்: "கை தானா போகணும், கண்ணு ரோட்டுல இருக்கணும்." அங்கே கை தானாகப் போனது. இறக்கத்தில் இரண்டிலேயே வைத்து பிரேக்கை அதிகம் தொடாமல் இறங்கினேன். கடலும் மலையும் கண்ணுக்கு முழுசாகக் கிடைத்தன.

வால்ட்டெர்ரா ஏற்றத்தைவிடப் பியலாக்-ந-பா பல மடங்கு கடினம். இருந்தும் கடினமான சாலையில் நிம்மதியாக ஓட்டினேன், எளிய சாலையில் தடுமாறினேன். இரண்டுக்கும் வித்தியாசம் கை மட்டும்தான். அதனால் தினமும் கியர் வண்டி ஓட்டுகிற நம் ஊர்க்காரர் பிரிட்டனுக்கோ அயர்லாந்துக்கோ போனால் தாராளமாக மேனுவல் எடுக்கலாம், கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. இத்தாலி, போர்ச்சுகல், ஸ்பெயின், பிரான்ஸ், கிரீஸ் என்றால் ஆட்டோமேட்டிக்குக்குக் கொடுங்கள். பத்து நாளுக்குக் கீழான பயணத்தில் இதைக் கொஞ்சமும் யோசிக்காமல் சொல்வேன். மூன்று வாரம், ஒரு மாதம் என்று தங்குகிறீர்கள், ஓட்டுபவர் ஒருவரேதான், முதல் இரண்டு நாள் ஊருக்கு வெளியே அமைதியான சாலைதான் என்றால் அங்கேயும் மேனுவல் சரிப்படும். பழகும் நாட்கள் மொத்தத்தில் சின்னப் பங்காகிவிடும்.

தினமும் ஓட்டுகிற என்ற வார்த்தையை நான் அழுத்திச் சொல்கிறேன். 2014-ல் மாருதி செலேரியோவில் ஏஎம்டி, அதாவது கிளட்ச் மிதிக்காமல் தானாகக் கியர் மாறும் வசதி, வந்ததிலிருந்து நம் ஊரிலேயே கிளட்ச்சை மறந்தவர்கள் நிறையப் பேர். ஐந்தாறு வருஷமாக ஏஎம்டி ஓட்டுபவர், அதற்கு முன் பத்து வருஷம் கியர் வண்டி ஓட்டியிருந்தாலும், தன்னை மேனுவல்காரராக எண்ணிக்கொண்டு முன்பதிவு செய்யக் கூடாது. மேடு, மழை, பின்னால் ஒரு லாரி என்று வரும்போது கால் பழைய நினைவைத் தேடும்.

விலையைப் பார்க்கும்போது

ஆட்டோமேட்டிக் வண்டிகள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் கோடைக்கு நெருக்கத்தில் தேடினால் விலை ஏறிவிடும், சில ஊர்களில் கிடைக்காமலும் போகும். விமான டிக்கெட் போட்ட வாரமே போட்டுவிடுவது நல்லது. பெரும்பாலும் இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு கிடைக்கும்.

இன்னொன்று, ஆட்டோமேட்டிக் வேண்டும் என்று தேடினால் பெரிய வண்டிகள்தான் முதலில் வரும். விலையும் கூடும், அகலமும் கூடும். டாஸ்கனியின் பழைய ஊர்களில், பண்ணை வீட்டுக்குப் போகும் மண்பாதையில், அந்த அகலம் பெரிய தொந்தரவு. வலது பக்கம் ஓட்டும்போது நம் கண்ணுக்கு வண்டியின் வலது ஓரம் எங்கே முடிகிறது என்று முதல் சில நாள் பிடிபடாது. பக்கவாட்டுக் கண்ணாடியும் வலது பக்கத்து டயரும்தான் முதலில் அடிபடும். பெரிய ஆட்டோமேட்டிக்கா, சின்ன மேனுவலா என்று மட்டும் தேர்வு இருந்தால் எனக்கே தயக்கம் வரும். அதனால்தான் சின்ன ஆட்டோமேட்டிக் கிடைக்கும் வரை தேடச் சொல்கிறேன்.

யாரிஸ் ஹைப்ரிட், ரெனோ கிளியோவின் இ-டெக் ஹைப்ரிட் இரண்டும் சின்னவை, இரண்டிலும் கிளட்ச் கிடையாது. ஆனால் "ஹைப்ரிட் என்றால் ஆட்டோமேட்டிக்தான்" என்று நம்பிப் போட்டுவிடாதீர்கள். நான் முதல் முறை ஓட்டிய பாண்டாவின் பின்கதவிலும் ஹைப்ரிட் என்றுதான் எழுதியிருந்தது. அது சின்ன மோட்டார் துணைக்கு நிற்கும் வகை, கியரோ ஆறு, கிளட்ச்சோடு. ஃபியட் 500 ஹைப்ரிட்டும் அப்படியே.

படத்தையும் நம்ப முடியாது, "அல்லது இதைப் போன்றது" என்று கீழே போட்டிருப்பார்கள். நம்பக்கூடியது நான்கெழுத்துக் குறியீடு. முன்பதிவுச் சீட்டில் இ.சி.எம்.ஆர்., சி.டி.ஏ.ஆர். என்பது போல இருக்கும். முதல் எழுத்து அளவு, இரண்டாவது வண்டியின் வகை, மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது: எம் என்றால் மேனுவல், ஏ என்றால் ஆட்டோமேட்டிக். கவுன்டரில் மேனுவல் சாவியை நீட்டினால் இந்த எழுத்தைக் காட்டிக் கேட்கலாம். எங்கள் குடும்ப நண்பர் ஒருவருக்கு அப்படி நடந்தது. இரவுப் பயணம் முடிந்து, தூங்காத கண்ணோடு, குழந்தையை வைத்துக்கொண்டு, "இது மட்டும்தான் இருக்கு" என்ற வார்த்தைக்கு அவர் ஒத்துக்கொண்டார். சீட்டில் ஏ என்று இருந்ததை ஊருக்குத் திரும்பிய பிறகுதான் கவனித்தார்.

மேனுவலின் விலையில் தெரியாத செலவு கிளட்ச். சேதத்துக்கு முழுப் பாதுகாப்பு வாங்கிவிட்டோம் என்று இருப்போம். பல ஒப்பந்தங்களில் கிளட்ச் எரிந்தால் அது ஓட்டியவர் தவறு, பாதுகாப்புக்குள் வராது என்று எழுதியிருக்கும். தவறான எரிபொருள் போடுவதும் அப்படித்தான். இத்தாலியில் காசோலியோ என்றால் டீசல். கேட்பதற்கு நமக்குப் பெட்ரோல் மாதிரி இருக்கும். பெட்ரோலுக்கு அங்கே பெயர் பென்சினா. குழாயில் வட்டத்துக்குள் இ (E) என்று இருந்தால் பெட்ரோல், சதுரத்துக்குள் பி (B) என்று இருந்தால் டீசல், இது ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கப் பொதுவான அடையாளம்.

அபராதம் இரண்டு வண்டிக்கும் ஒன்றுதான், ஆனாலும் இங்கே சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. ஃபிளாரன்ஸ், சியெனா, பீசா போன்ற ஊர்களின் பழைய பகுதிக்குள் வெளியார் வண்டி நுழையக் கூடாது. சிவப்பு வட்டமிட்ட வெள்ளைப் பலகை இருக்கும், கேமரா எண்ணைப் படமெடுக்கும், சில மாதம் கழித்து வீட்டுக்கு அபராதம் வரும். கியரைத் தேடும் கண் தவறவிடுவது இந்த மாதிரிப் பலகைகளைத்தான். ஃபிளாரன்ஸ், ரோம், வெனிஸ் பார்க்கக் காரே வேண்டாம், ரயில் போதும். நகரம் முடிந்து கிராமப்பக்கம் கிளம்பும் நாளில் வண்டியை எடுங்கள். விமானம் இறங்கிய அன்றே எடுக்காமல் இருப்பதற்கும் அது நல்ல சாக்கு.

உரிமம் என்ன சொல்கிறது

இந்திய உரிமத்தோடு இத்தாலி போன்ற நாடுகளில் ஓட்ட பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டும் வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 1000 ரூபாய் கட்டணம், ஒரு வருஷம் செல்லும். பிரிட்டனில் சுற்றுலாப் பயணி நம் உரிமத்திலேயே 12 மாதம் வரை ஓட்டலாம்.

சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் நம்மவர்கள் தங்கள் அட்டையை எடுத்துப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் 3ஏ, மலேசியாவில் டிஏ என்றால் ஆட்டோமேட்டிக் மட்டும்தான். பிரிட்டனில் ஆட்டோமேட்டிக்கில் தேர்வு எழுதி உரிமம் வாங்கியவர்களுக்கும் அப்படியே. அவர்கள் வெளிநாட்டில் மேனுவல் எடுத்து விபத்து நடந்தால் காப்பீடு கைகொடுக்காது. விலை எவ்வளவு குறைந்தாலும் அந்தப் பக்கம் போகக் கூடாது.

டொராண்டோவிலிருந்து பாரிஸுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் உறவினர் கல்யாணத்துக்கு வருகிற தமிழர்களுக்கு நிலைமை நமக்கு நேர் எதிர். வலது பக்கம் ஓட்டுவது அவர்களுக்குப் பிறவிப் பழக்கம் போல. கிளட்ச்தான் தெரியாது, அல்லது ஊரில் ஓட்டியதோடு சரி. அவர்களும் ஆட்டோமேட்டிக்கையே எடுக்கட்டும். ஆனால் அவர்கள் வலது கையால் குமிழைப் பிடித்துப் பழகியவர்கள், சாலையும் தெரிந்த பக்கம். ஒரு வாரம் கனடாவில் யாரிடமாவது கிளட்ச் வண்டி வாங்கிப் பழகிவிட்டு வந்தால் நம்மைவிட எளிதாகச் சமாளிப்பார்கள்.

மேனுவல்தான் என்று முடிவானால்

சாவி வாங்கியதும் கிளம்பிவிடாதீர்கள். வாடகைக் கடையின் பார்க்கிங்கிலேயே இருபது நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எஞ்சின் ஓடாமல், கிளட்ச்சை அழுத்தி, ஒன்றிலிருந்து கடைசி வரை போட்டு இறக்குங்கள். மூன்றிலிருந்து இரண்டுக்கு மட்டும் இருபது தடவை. வால்ட்டெர்ராவில் எனக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு அசைவுதான்.

சிக்னலில் நியூட்ரல் போட்டுக் கிளட்ச்சை விட்டதும் எஞ்சின் நின்றுவிட்டால் பதறாதீர்கள். எரிபொருள் மிச்சத்துக்காக அதுவாக நிற்கும், கிளட்ச்சை மிதித்தால் அதுவாக எழும். நாங்கள் முதல் சிக்னலில் வண்டி ஆஃப் ஆகிவிட்டதென்று சாவியைத் திருகிக்கொண்டிருந்தோம். பச்சை விழுந்து மறுபடி சிவப்பும் விழுந்துவிட்டது.

கடைசியாக ரிவர்ஸ். இது ஒவ்வொரு கம்பெனிக்கு ஒவ்வொரு விதம். ஸ்விஃப்ட்டில் வலது கீழே. ஃபோக்ஸ்வாகனில் குமிழைக் கீழே அமுக்கி இடது மேலே. ரெனோவில் குமிழுக்குக் கீழே இருக்கும் வளையத்தை விரலால் தூக்க வேண்டும். தெரியாமல் கிளம்பி, முட்டுச்சந்தில் மூக்கை நுழைத்த பிறகு தேடினால் கிடைக்காது. வண்டியை ஒப்படைக்கும் ஊழியர் பக்கத்தில் நிற்கும்போதே, அவர் பார்க்க ஒரு முறை பின்னால் எடுத்துக் காட்டுங்கள்.